கொப்பியில் இருந்த கணக்கு

2016இல் மட்டக்களப்பு வாவியோரப் பாடசாலை ஒன்றின் தரம் 10 பிள்ளைகளைக் கொண்டு 200 கண்டல் கன்றுகள் நாட்டினோம். பதாகை, புகைப்படம், குளிர்பானம் எல்லாம் இருந்தன. சமூகவியல் படித்துவிட்டு ‘மக்கள் பங்கேற்பு’ என்று வாய்க்கு வாய் சொல்லித் திரிந்த காலம் அது. அறிக்கையை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்று மாதம் கழித்து வேறொரு அலுவலாக அங்கே போனபோது மாணவி ஒருத்தி கொப்பி ஒன்றை நீட்டினாள். ஞாயிறு தோறும் போய் எண்ணி எழுதியிருந்தாள். கடைசி வரியில் 31.

“மிஸ், மற்றதெல்லாம் செத்துப்போச்சு. உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்க்கும்படி அவளிடம் யாரும் சொன்னதுமில்லை.

சுனாமிக்குப் பின்னர் இலங்கைக் கரையோரங்களில் நடந்த கண்டல் நடுகைகள் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பார்வையிட்ட 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லையாம். பொருந்தாத இடத்தில் நாட்டியதும், பிறகு கவனியாமல் விட்டதுமே பெரும்பாலும் காரணம். வாசித்தபோது எங்கள் கதையை வாசித்தது போலிருந்தது.

அவளுடைய அம்மப்பா வாவியில் மீன்பிடிப்பவர். “மகள், நீங்க நட்டது தண்ணி வத்தாத இடம். கண்டல் தானா முளைச்சிருக்கிற இடத்தப் பாத்து நடணும்” என்றார். கண்டல் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போலத் தொங்கி, பிறகுதான் சேற்றில் விழும். அதை அவர் காட்டித்தான் பிள்ளைகள் பார்த்தார்கள். வாவிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்! நானும் அன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன்.

இரண்டாந்தடவை பதாகை இல்லை. 60 முளைகள் மட்டும். பதினைந்து பிள்ளைகள், ஆளுக்கு நான்கு. எங்கே நாட்டுவது, ஆடு கடிக்காமல் எப்படி மறைப்பது என்பதையெல்லாம் அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். எனக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டமாயிருந்தது.

ஒரு தாய் கோபமாக வந்தார். “சோதினை வருசத்தில புள்ளைய சேத்துக்க இறக்கிறீங்களே, பெயிலானா கண்டலா மிஸ் சோறு போடும்?”

அவர் கேட்டதிலும் பிழையில்லை. ஞாயிறு ரியூசன் முடிந்து வரும் வழியில் அரை மணித்தியாலம் மட்டும் என்று பேசி முடித்தோம்.

ஒரு வருடத்தின் பின் 38 கன்றுகள் நின்றன. அறிக்கையில் நட்ட தொகைக்குப் பக்கத்தில் மிஞ்சிய தொகையையும் எழுதினேன். அந்த நிரல் தேவையில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை.

அவள் உயர்தரம் படிக்க வேறு பாடசாலைக்குப் போகுமுன் கொப்பியைத் தரம் 9 பையன் ஒருவனிடம் கொடுத்தாள். அவன் கையெழுத்துக் கோழி கிளறியது போலிருக்கும். ஆனால், ஆடு தின்றது எத்தனை, வலையில் சிக்கிப் பிடுங்குப்பட்டது எத்தனை என்று வேறு வேறாக எழுதத் தொடங்கியவன் அவன்தான்.