ஊசி முனையில் திருவாதிரை

தில்லிப் பிள்ளைகளுக்கு வானம் சொல்லித்தர வேண்டுமென்றால் நான் முதலில் கையில் எடுப்பது தொலைநோக்கியை அல்ல. கறுப்பு சார்ட் அட்டையையும் ஊசியையும்தான். ஓரியன் மாலையிலேயே உயர ஏறி நிற்கும் குளிர்கால மாதங்களில்தான் புகையும் மூடுபனியும் ஊரைப் போர்த்துகின்றன. மொட்டைமாடியில் நின்று பார்த்தால் திருவாதிரையும் ரைகலும், நடுவில் வரிசையாக மூன்றும் தெரிந்தாலே பெரிய காரியம்.

நட்சத்திரப் படத்தை அட்டைமேல் வைத்து, அடியில் தெர்மோகோல் போட்டு, ஊசியை நெட்டுக்குத்தாக இறக்க வேண்டும். சாய்ந்தால் துளை நீண்டுவிடும். மங்கலானவற்றுக்குத் தையல் ஊசி, நடுத்தரத்துக்குக் குண்டூசி, பிரகாசமானவற்றுக்குக் கோணி ஊசி. துளையிட்ட அட்டையை நானே தயாராகக் கொடுப்பதில்லை. எந்த ஊசி என்று ஒவ்வொரு விண்மீனுக்கும் பிள்ளையே முடிவு செய்யும்போதுதான் அது மனத்தில் தங்குகிறது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கணக்கையும் சொல்வேன். ஒளியளவில் ஒரு படி இறங்கினால் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும். துளை வழியே வரும் ஒளியோ துளையின் பரப்பைப் பொறுத்தது. அப்படிப் பார்த்தால் துருவ நட்சத்திரத்துக்கு அரை மில்லிமீட்டர் என்றால் சிரியஸுக்கு இரண்டரை மில்லிமீட்டர். அவ்வளவு பெரிதாகக் குத்தினால் மீன் போய் வட்டத் தட்டுதான் தெரியும். ஆகவே வித்தியாசம் கண்ணுக்குப் புலப்பட்டால் போதும் என்று நிறுத்திக்கொள்கிறோம். திருவாதிரைத் துளையின் பின்னால் சிவப்பு செலஃபன் தாள் ஒட்டுவதை மட்டும் விடுவதில்லை. 2019 கடைசியில் அந்த மீன் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் கண்ணுக்கே தெரியுமளவு ஒளி குன்றியபோது, கோணி ஊசித் துளையை மூடிவிட்டுக் குண்டூசியால் மறுபடி குத்தினோம்.

இன்னொன்று, இடவல மாற்றம். அட்டையைக் குழாயில் பொருத்தி வெளிச்சத்தை நோக்கிப் பார்ப்பதானால் குத்திய பக்கம் கண்ணைப் பார்க்க வேண்டும். இருட்டறையில் சுவரில் விழவைப்பதானால் அதே பக்கம் விளக்கைப் பார்க்க வேண்டும். மாறினால் திருவாதிரை வலப்பக்கம் போய்விடும். அமெரிக்காவின் ஆர்மண்ட் ஸ்பிட்ஸ் 1940களில் பன்னிரண்டு முகக் கூட்டில் துளைகளிட்டு, உள்ளே விளக்கு வைத்து, பள்ளிகளும் வாங்கக்கூடிய கோளரங்கக் கருவியைச் செய்தார். நம் அட்டையும் அதே தத்துவம்தான்.

அகத்தியர் மீனுக்குத் துளை போடலாமா என்ற கேள்வி தமிழ்ப் பிள்ளைகளிடையே எழும். சென்னையில் அது 24 பாகை உயரம் வரை ஏறும்; தில்லியில் ஏறக்குறைய 9 பாகைதான், புகைக்குள் கண்ணுக்கு அகப்படாது. போடச் சொல்கிறேன். ஊருக்குப் போகும் மார்கழி விடுமுறையில் இரவு கண்விழித்துத் தெற்கே தேடட்டும்.

பகலுக்கு ஒரே துளை போதும். அட்டைக்கு 1 மீட்டர் பின்னால் வெள்ளைத்தாள் பிடித்தால் சூரியன் சுமார் 9 மில்லிமீட்டர் வட்டமாக விழும். சின்னத் துளை முக்கோணமாக இருந்தாலும் வட்டம்தான். மன்னர் ஜெய்சிங் ஜெய்ப்பூரில் கட்டிய சஷ்டாம்ச யந்திரத்தின் இருட்டறையில் நண்பகல் சூரியனை அளந்ததும் இதே வழியில்தான். அவரே கட்டிய தில்லி ஜந்தர் மந்தரை வெறும் பழைய கட்டடமாக விடாமல், மாணவர்களைக் கூட்டிப்போய் அளக்க வைத்தவர் நேரு கோளரங்கத்தின் இயக்குநராக இருந்த ரத்னஶ்ரீ. 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது தில்லிப் பிள்ளைகளுக்குப் பெரிய இழப்பு.

2020 ஜூன் 21 சூரிய கிரகணம் ஊரடங்கின் நடுவே வந்தது. அவரவர் பெயரை அட்டையில் குத்திவைக்கச் சொல்லியிருந்தேன். நண்பகலையொட்டி தரையில் விழுந்த பெயர்களில் ஒவ்வொரு புள்ளியும் பிறையாக இருந்தது.

2031 மே 21 அன்று வளையக் கிரகணம் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கிறது. தில்லியில் பகுதிக் கிரகணம். இப்போது ஊசி பிடிக்கும் பிள்ளைகளுக்கு அட்டை செய்து பழக நாள் இருக்கிறது. துளை வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று தாளில் விழும் உருவத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.