பாவை விளக்கும் பளிங்கு மாளிகையும்

நெஞ்சில் வைத்துப் போற்றிய ஒரு நாவல் திரைப்படமாகிறது என்னும் செய்தி, வாசகருக்கு முதலில் தருவது மகிழ்ச்சியைத்தான். படம் முடிந்து கொட்டகையை விட்டு வெளியே வரும்போதுதான் அம்மகிழ்ச்சி வழியில் எங்கோ கைநழுவிப் போனது தெரியவருகிறது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, திற்பரப்பிலும் சிலர் நம்மிடம், "மணிமேகலை எங்கே சாமி?" என்று கேட்டனர். வந்தியத்தேவனை ஒருதலையாய் நேசித்து உயிரையே விட்ட அந்தப் பேதைப் பெண் திரையில் இடம்பெறவில்லை. கல்கியின் கதை யாருடைய மரணத்தோடு முடிகிறதோ, அவளே இல்லாமல் படம் முடிந்துவிட்டது!

இந்த ஆதங்கம் புதிதன்று. நம் பெற்றோர் தலைமுறைக்கு அது 1960-லேயே நேர்ந்தது. அந்த ஓர் ஆண்டில் கல்கியின் 'பார்த்திபன் கனவு', மு. வரதராசனாரின் 'பெற்ற மனம்', அகிலனின் 'பாவை விளக்கு' ஆகிய மூன்று நாவல்கள் திரையேறின. முன்னிரண்டையும் விட்டுவிடுவோம். காதலைப் பொருளாகக் கொண்ட மூன்றாவதைப் பற்றியே இங்குச் சொல்ல விழைகிறோம்.

'பாவை விளக்கு' கல்கி வார இதழில் தொடராக வந்த கதை. வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருந்து, ஒருவர் படிக்க வீட்டார் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. எழுத்தாளன் தணிகாசலத்தின் வாழ்வில் நான்கு பெண்கள் குறுக்கிடுகின்றனர். தேவகி இளம் விதவை; செங்கமலம் ஆடற்கலைக்கென்று வளர்க்கப்பட்டவள்; கௌரி அவனுடைய மனைவி; உமா அவன் எழுத்தில் தன்னை இழந்த வாசகி. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது ஓர் ஆணின் காதல் கணக்காகத் தோன்றலாம். ஆழ்ந்து படிப்பவரோ ஒவ்வொரு பெண்ணும் ஒரு வினாவாக நிற்பதைக் காண்பார். விதவைக்கு அன்பு செய்ய உரிமை உண்டா? ஆடுமகளின் குலம் அவள் மனத்தையும் கட்டுப்படுத்துமா? இல்லறத்தின் அமைதியான அன்பு, எரியும் அன்பைவிடத் தாழ்ந்ததா? மணமான ஒருவன்பால் எழும் ஆராதனையை எந்த எல்லையில் நிறுத்துவது? இவற்றுக்கு அகிலன் விடை தந்துவிட்டார் என்று நாம் கூறவில்லை. நடையில் சற்று உணர்ச்சி மிகுதி உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் வினாக்கள் உண்மையானவை. பலிபீடத்துக்கு அருகில் நின்று பல இல்லங்களின் துயரத்தைக் கேட்டு வரும் நமக்கு, அவை பழையனவாகத் தோன்றவில்லை.

படத்தில் என்ன நேர்ந்தது? கே. சோமு இயக்கினார், திரைக்கதை ஏ. பி. நாகராஜன்; தணிகாசலமாகச் சிவாஜி கணேசன்; பண்டரிபாய், குமாரி கமலா, சௌகார் ஜானகி, எம். என். ராஜம் ஆகியோர் நான்கு பெண்களாக நடித்தனர். கே. வி. மகாதேவனின் இசை, மருதகாசியின் பாடல்கள். இதைவிட நல்ல கூட்டணியை அன்று யார் விரும்பியிருக்க முடியும்? அவரவர் பணியை நன்றாகவே செய்திருக்கின்றனர். இருந்தும் நான்கு பெண்களின் வினாக்களும், ஒரு மாபெரும் நடிகரின் முகபாவங்கள் மாறுவதற்கான நான்கு தருணங்களாகச் சுருங்கிவிட்டன.

தாஜ்மகால் பாடலையே எடுத்துக்கொள்வோம். சி. எஸ். ஜெயராமனும் பி. சுசீலாவும் பாடிய அந்தப் பாடல் இன்றும் கேட்போரை உருக்குகிறது. திரையிலோ தணிகாசலம் ஷாஜகானாகவும், உமா மும்தாஜாகவும் உடையணிந்து வருகின்றனர். நாவலின் உமா நெருங்க முடியாத தொலைவில் நிற்பதால்தான் அவள் அன்புக்கு மதிப்பு. அந்தத் தொலைவே அவளுடைய துயரமும் அவளுடைய பெருமையும். அவளுக்கு மன்னனின் மனைவி வேடமிட்டு, பளிங்கு மாளிகையின் முன் கைகோத்து நிற்க வைத்தால், பிறகு எஞ்சுவது என்ன? கனவுக் காட்சிதானே என்று கூறுவர். கதையில் அவள் தனக்கே மறுத்துக்கொண்ட கனவு அல்லவா அது!

நாவலைத் திரையாக்குவதே தவறு என்று கொள்ளலாகாது. இதே நாகராஜன், இதே சிவாஜி, இதே மகாதேவன் எட்டு ஆண்டுகள் கழித்து, 1968-இல் கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' நாவலைப் படமாக்கினர். அதுவும் தொடர்கதை, அதுவும் காதல் கதை. அங்கே நாதசுரமும் நாட்டியமும் கதைக்கு வெளியிலிருந்து வரவில்லை. சண்முகசுந்தரமும் மோகனாவும் தங்கள் கலையாலேயே ஊடுகின்றனர், கலையாலேயே கூடுகின்றனர். பாட்டு தொடங்கும்போது கதை நிற்பதில்லை. 'பாவை விளக்'கில் பாட்டு வந்ததும் கதை ஓரமாய் ஒதுங்கி நின்று வழிவிடுகிறது. எழுத்தாளன் ஒருவன் எழுதுவதையும், அதை ஒருத்தி தனியே படித்து உருகுவதையும் காமிரா எப்படிக் காட்டும்? அது கடினமான வேலைதான். அந்தக் கடினத்தைப் பாட்டால் மூடிவிட்டனர்.

பழைய திருவிதாங்கூர்ப் பகுதியினராகிய நமக்கு மலையாளப் படங்கள் அயலானவை அல்ல. தகழியின் 'செம்மீன்' நாவலை (அதைத் தமிழில் தந்தவர் நம் நாகர்கோவில் சுந்தர ராமசாமி) ராமு காரியாட் 1965-இல் படமாக்கினார். பரீக்குட்டியின் பிரிவுத் துயரை மன்னா டே பாடும்போது, அப்பாட்டு கடற்கரையை விட்டு அகலவில்லை. எந்த மாளிகைக்கும் போகவில்லை.

இன்று நம் இளைஞர்களிடம் 'பாவை விளக்கு' என்றால், குற்றால அருவியைப் புகழும் பாட்டு உள்ள படம் என்பார்கள். கோதையாற்றின் அருவிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பிடித்திருப்பதில் வியப்பில்லை. அகிலனின் பெயரைச் சொன்னால் விழிக்கின்றனர். 'சித்திரப்பாவை'க்காக 1975 ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு பெற்றவர் என்று நாமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் நாவலைச் சுருக்கியதைவிட, நாவலின் இடத்தில் தானே அமர்ந்துகொண்டதுதான் நமக்குப் பெரிய வருத்தம்.

நம் வாசகசாலையில் அந்நாவலின் ஒரு படி உண்டு. அட்டை போய், நூல் பிரிந்து, மறுகட்டுக் கட்டியது. பாட்டைக் கேட்டுவிட்டு வந்த கல்லூரி மாணவி ஒருத்தி அதை இரவல் வாங்கிச் சென்றாள். தவணை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. திருப்பிக் கேட்க நமக்கு மனம் வரவில்லை.