வெட்டும் ஒட்டும்

என் தொடர்கதை ஒன்றில் கதாநாயகன் தகப்பனாரைக் கேட்டு, அவர் தலையசைத்த பிறகே கல்யாணத்துக்குப் புறப்படுகிறான். விளம்பரத்துக்கு இடம் போதவில்லையென்று உதவி ஆசிரியர் நடுவில் 15 வரிகளை எடுத்துவிட்டார். அச்சில் என் சாதுப் பிள்ளை யாரையும் கேளாமல் தாலி கட்டிவிட்டான்! வாக்கியங்கள் இழைந்து ஓடின; ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை.

மறந்துபோன இந்தச் சங்கதியைப் பெரியப்பாவின் டாக்டர்தான் ஞாபகப்படுத்தினார்.

பெரியப்பாவுக்கு ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இடுப்பெலும்பு வரை பரவியாயிற்று. ஆண்மைச் சுரப்பு நீரே அந்த நோய்க்குத் தீனி என்று 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றும் அந்த வழிதான்: தீனியை நிறுத்துவது. ஊசி போட்டார்கள். வலி குறைந்து பெரியப்பா திண்ணைக்கு வந்து பேப்பர் படித்தார். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. எண் ஏறிற்று. என்சலூட்டமைட் மாத்திரைக்கும் இறங்கவில்லை.

"தீனியில்லாமல் எப்படி வளர்கிறது, டாக்டர்?" என்று கேட்டேன். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

மரபணு எழுதித் தருகிற பிரதியில் வேண்டியதும் வேண்டாததும் கலந்திருக்குமாம். செல் வேண்டாததை வெட்டி, மிச்சத்தை ஒட்டிப் புரதம் செய்கிறது. 1977-இல் ஷார்ப், ராபர்ட்ஸ் இருவரின் ஆராய்ச்சியில் இது வெளிப்பட்டது. ஒரே பிரதியைப் பலவிதமாகவும் வெட்டலாம். சுரப்பு நீரின் கட்டளையை வாங்கும் புரதத்துக்கு ஒரு கோடியில் காது, நடுவில் கை. புற்றுச் செல்லில் சில சமயம் காது விட்டுப்போன புரதம் தயாராகிவிடுகிறது. ஏ.ஆர்.-வி7 என்று பெயர். கட்டளையே இல்லாமல் கை வேலையை ஏவிக்கொண்டிருக்கும். மாத்திரை அடைப்பதோ காதை!

2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 62 பேரைப் பரிசோதித்து எழுதினார்கள். ரத்தத்தில் திரியும் புற்றுச் செல்களில் இந்தப் பிரதி இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட என்சலூட்டமைடோ அபிராட்டரோனோ பி.எஸ்.ஏ.யைப் பாதியாக்கவில்லை. பெரியப்பாவுக்கும் இதுதான் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. இது ஒரு வழி என்றார். டாக்ஸேன் வகை மருந்து இப்படிப்பட்டவர்களுக்கும் ஓரளவு கேட்குமாம்.

எல்லாவற்றையும், அந்தக் கதாநாயகனையும் சேர்த்து, பெரியப்பாவிடம் சொன்னேன்.

"ஏண்டா, அடுத்த வாரம் திருத்தம் போட்டீர்களா?"

"போட்டோம், பெரியப்பா. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்."

சிரித்தார். சிரித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வலி அடங்கிய பிறகு, "சரி, திங்கட்கிழமையே அந்த மருந்தை ஏற்றச் சொல்" என்றார்.