தொட்டிக்கு ஒரு துப்புரவாளர்

தோழியரே, மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் சில வாரங்களிலேயே கண்ணாடி பச்சை பூத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தென்காசியில் எங்கள் வீட்டுத் தொட்டிக்கும் அக்கதியே வந்தது. அக்கா, தம்பி, இதை எழுதும் நடுப்பிள்ளை ஆகிய நாங்கள் மூவரும் முறைவைத்துத் தேய்த்துச் சலித்துப் போனோம். எனவே பாசியைத் தின்று தொட்டியைத் தூய்மை செய்யும் ஓர் உயிரை அதில் விடுவதென்று தீர்மானித்தோம். எதை விடுவது என்பதில்தான் மூவருக்கும் மூன்று எண்ணம்.

“துப்புரவுக்கு ஆள் வச்சா அதுக்கும் சோறு போடணும்லா, ஏட்டி!” என்று ஆச்சி அப்போதே சிரித்தார்கள்.

அக்காவுக்குக் கடல்நீர்த் தொட்டியின் மேல் ஆசை. பவளப்பாறைத் தொட்டி வளர்ப்போர் நத்தை, துறவி நண்டு, கடல் அட்டை ஆகியவற்றைத் துப்புரவுப் படையாகவே தேர்ந்தெடுத்து விடுவார்களாம். கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவைச் செரித்துவிட்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளுகிறது. ஆனால் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001 முதல் பவளமும் கடல் அட்டையும் புலியைப் போலவே சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் உள்ளன. அறிவியல் சிஸ்டர் இதைச் சொன்னதும் அக்காவின் கடல் வற்றிவிட்டது.

தம்பி கேட்டது கடையில் “டேங்க் கிளீனர்” என்று விற்கும் கரிய மீன். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நாள் முழுதும் உறிஞ்சும். கடையில் அது விரல் நீளமே இருந்தது. நல்லவேளை, எதிர்வீட்டு மாமா அதே மீனை நெடுநாளாக வளர்த்து வந்தார்கள். போய்ப் பார்த்தால் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம்! உடம்பெல்லாம் கவசம், துடுப்பில் முள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இனம் அது. வளர்ந்த பின் பாசி மட்டும் அதற்குப் போதாது. அது தின்பதைவிடக் கழிப்பது அதிகமோ என்று எங்களுக்குத் தோன்றிற்று; மாமா வீட்டுத் தொட்டி அவ்வளவு கலங்கலாக இருந்தது.

எங்களைத் திடுக்கிட வைத்தது மாமா சொன்ன சொல். “இனி இதை வச்சுச் சமாளிக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை சிற்றாத்துல விட்டுரலாம்னு இருக்கேன்” என்றார்கள்.

குற்றால மலையில் பிறந்து, அருவியாய் விழுந்து, எங்கள் ஊர் வழியாய் ஓடும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்த ஆற்றின் பெயரையே தாங்கிய மீனொன்று உண்டு. 1954-இல் சைலஸ் என்ற அறிஞர் அதற்கு ‘தம்ப்ரபர்ணியை’ என்று அறிவியற்பெயர் சூட்டினார். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனம். கவச மீனோ கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும், வலையைக் கிழிக்கும், தண்ணீருக்கு வெளியே சில மணி நேரம்கூட உயிர் தாங்கும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல நீர்நிலைகளில் அது ஏற்கெனவே புகுந்துவிட்டது. தொட்டியில் துப்புரவாளர், ஆற்றில் அதுவே குப்பை.

இனி நடுப்பிள்ளையின் ஆசை. சிற்றாற்றுப் பாறைகளில் கால் நனைத்தால் சிறு மீன்கள் வந்து கடிக்குமே, அவற்றோடு கல்லில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் மீனும் உண்டு. ‘கார்ரா’ என்பது அதன் பேரினப் பெயர். வாய்க்குக் கீழே வட்டமாக ஓர் ஒட்டுறுப்பு இருப்பதால் வெள்ளத்திலும் வழுக்காமல் நிற்கும். (மேற்காசியாவைச் சேர்ந்த இதன் உறவு மீனிடம் பெருநகரங்களில் பணம் கொடுத்துக் காலைக் கடிக்கக் கொடுக்கிறார்களாம். குற்றாலத்தில் இலவசம்!) ஆனால் ஓடும் குளிர்ந்த நீரில் வாழ்வதை, தேங்கிய வெந்நீர் போன்ற எங்கள் தொட்டியில் போட மனம் வரவில்லை.

எஞ்சியவை நத்தைகள். பெரிய வயல் நத்தை நீர்ச்செடியையும் மேய்ந்துவிடும் என்பதால் அதை விலக்கினோம். வயல் வாய்க்காலில் கிடைக்கும் திருகுகூம்பு போன்ற சிறு நத்தைதான் தேறியது. பகலில் மணலுக்குள் புதைந்து மணலைக் கிளறும். இரவில் வெளிவந்து மிஞ்சிய தீனியையும் மெல்லிய பாசியையும் தின்னும். ஐந்தைப் பொறுக்கி வந்து, ஒரு வாரம் தனிப் போத்தலில் வைத்துப் பார்த்த பின்பே தொட்டியில் விட்டோம்.

“பாசிக்குச் சோறு போடுவது யார்?” என்று சிஸ்டர் கேட்டார்கள். ஜன்னல் வெயிலும் தம்பி அள்ளிப் போடும் தீனியுமே! ஜன்னலுக்குத் திரை போட்டோம், தீனியை ஒருவேளையாக்கினோம். பாதிப் பச்சை அதிலேயே போயிற்று. எங்கள் கப்பி மீன்களும் தென் அமெரிக்கப் பூர்வீகம்தான் என்பதையும் சிஸ்டர் நினைவூட்டினார்கள். அதனால் தொட்டி நீரைச் சாக்கடையில் கொட்டாமல் வாழைக்கு ஊற்றுகிறோம்.

மாமாவிடம் மூவரும் போய்ப் பேசினோம். “ஒரு மீனால ஆறு கெட்டுருமா?” என்றார்கள். ஊரில் எத்தனை வீட்டில் இப்படி ஒரு மீன் இருக்கும் என்று தம்பி எண்ணத் தொடங்கவும் சிரித்துவிட்டார்கள். அந்த மீன் இப்போது எங்கள் கிணற்றடிச் சிமெண்டுத் தொட்டியில் இருக்கிறது. துணி அலச இடமில்லை என்று ஆச்சி புலம்பினாலும், மாலையில் வெள்ளரித் துண்டு நறுக்கிப் போடுவது அவர்களேதான். நத்தைகள் இன்று காலை எண்ணியபோது பதினான்கு.