தேவனாம்பட்டினக் கரையில் பேசாத மழலை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலையில் சென்றால் தேவனாம்பட்டினத்தை அடைகிறோம். 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய புனித தாவீது கோட்டையின் சிதைவுகள் கெடிலத்தின் அருகே உள்ளன. அப்பால் வெள்ளிக் கடற்கரை; அதனை அடுத்து மீனவர் குடியிருப்பு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கரை இதுவே.

அலையோசையையும் படகு இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிப் பேச வேண்டியிருப்பதால், இங்கு யாவரும் உரத்தே பேசுவர். இத்தகைய ஊரில் ஒரு மழலை மட்டும் பேசாதிருந்தால்? "கூப்பிட்டால் திரும்புகிறானே, காது நன்றாய்த்தான் கேட்கிறது" என்பாள் தாய். "இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று பாட்டி வசம்பை உரைத்து நாவில் தடவுவாள். அன்பினால் செய்வதுதான், ஆயினும் பொன்னான காலம் கழிந்துவிடுகிறது.

உரத்த குரலுக்குத் திரும்பும் குழந்தைக்கும் செவிக்குறை இருக்கலாம். 'ச', 'ஸ' போன்ற நுண்ணிய ஒலிகள் அதன் காதுக்கு எட்டாமற் போகலாம். கேளாத ஒலியை நா எவ்வாறு கற்கும்? மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில், காது கேளாது நாவும் தடுமாறிய மனிதரை ஆண்டவர் தனியே அழைத்துச் சென்று, முதலில் காதுகளையும் பிறகே நாவையும் தொடுகிறார். இன்றைய மருத்துவமும் செவியைச் சோதித்த பின்னரே பேச்சை ஆராய்கிறது. பிறந்த சிசுவுக்கும், உறங்கும்போதே, வலியின்றி இச்சோதனையைச் செய்யலாம். செவி நலமாயிருந்தும் ஆட்டிசம், அண்ணப்பிளவு முதலியவற்றால் பேச்சு தடைப்படுவதும் உண்டு. அவர்களுக்கும் பேச்சுப் பயிற்சி பயன் தரும்.

ஓராண்டு நிறைந்தும் மழலைச் சொல் இல்லையேல், இரண்டாண்டு நிறைந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையேல், காத்திருத்தல் ஆகாது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். பேச்சு, மொழிக் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது. எனவே உதவி கேட்பது இரத்தல் அன்று, உரிமையே.

பயிற்சியாளர் குழந்தையோடு இருப்பது வாரத்தில் சிறிது நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் வீடே பள்ளி. குழந்தை நோக்கும் பொருளின் பெயரை, அதன் முகம் பார்த்துச் சொல்லுங்கள். "படகு" என்றால், "ஆம், பெரிய படகு" என்று ஒரு சொல் கூட்டுங்கள். விடைக்குப் பொறுமையுடன் காத்திருங்கள். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவையுங்கள். பேசாத பிள்ளையிடம் பேசிப் பயனென்ன என்று எண்ணி வாயடைத்துப் போகும் வீட்டில், அப்பிள்ளைக்குச் சொல் எங்கிருந்து வரும்?