கோகர்ணத்துக் கடற்கரையில் ஓரிரவு

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் கடலைக் காண்பது பெரும்பாலும் ஊருக்குச் செல்லும் விடுமுறையில்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் வாய்த்ததில்லை. மகனுக்கு வயது 11, மகளுக்கு 8. இருவரும் கடலைப் பாடப் புத்தகத்திலும் திரையிலும் கண்டதோடு சரி. நாகப்பட்டினத்தை அடுத்த கீச்சாங்குப்பத்தில் அலையோசை கேட்டே வளர்ந்த நாங்கள் பிள்ளைகளை இவ்வாறு வளர்த்தோம் என்றால், கேட்பவர் நகைக்கக்கூடும்.

காரணம் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை எங்கள் குப்பத்தின் மேல் ஏறிற்று. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். எங்கள் தங்கையும் அவர்களுள் ஒருத்தி. அவளுக்கு 9 வயது, எங்களுக்கு 15. அடுத்த ஆண்டே தந்தையார் வலையைத் துறந்து குடும்பத்தைப் பெங்களூருக்குக் கொணர்ந்தார். அவர் மறைந்தும் ஆண்டுகள் பல ஆயின. அன்னையார் கடல் என்ற சொல்லையே வாயால் கூறுவதில்லை. ரஸல் மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அது பிடிபட்டு எத்தனை நாளாயிற்று என்று கடைக்காரரிடமே சொல்லுவார். ஆனால் ஊர்ப் பயணம் என்றால் தஞ்சாவூரோடு நின்றுவிடுவார். நாங்களும் வற்புறுத்தியதில்லை. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அது வசதியாகவே இருந்தது.

எங்கள் அலுவல் இருப்புப்பாதையின் முன்பதிவுச் சாளரத்தில். இந்நாளில் பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பயணச்சீட்டு எடுத்துவிடுகின்றனர். ஆயினும் கோடை வந்துவிட்டால், இடம் கிடைக்காத இளைஞர்கள் முதுகில் மூட்டையோடு எங்கள்முன் வரிசையில் நிற்பர். அவர்கள் கேட்கும் நிலையம் பலமுறை ஒன்றேதான்: கோகர்ணம் ரோடு. கடற்கரையில் கூடாரம் அடித்து இரவைக் கழிக்கச் செல்கிறவர்கள். “ஊரார்க்கெல்லாம் சீட்டு எழுதுகிறீர்களே மாமா, நம் பிள்ளைகளுக்கு எப்போது?” என்று சென்ற கோடையில் மைத்துனர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் இரண்டு கூடாரங்களை வாடகைக்கும் எடுத்துவிட்டார்.

அன்னையாரிடம் கோயிலுக்கு என்று சொன்னோம். அது பாதி மெய். துளுவ நாட்டுத் திருக்கோகர்ணம் அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் அன்றோ! மற்றப் பாதியை மறைத்தோம். “அத்தையிடம் சொல்லிவிடுவோம்” என்று மனைவி இருமுறை கூறினாள், நாங்கள் செவிசாய்க்கவில்லை.

மாலையில் பெங்களூரில் ஏறினால், கார்வார் செல்லும் வண்டி மறுநாள் காலை கோகர்ணம் ரோட்டில் இறக்கிவிடும். சக்லேஷ்பூரைக் கடந்தபின் மலைச்சரிவில் 57 குகைப்பாதைகள். இரவுப் பயணத்தில் ஒன்றும் புலப்படாது. கொங்கண் இருப்புப்பாதை வந்த பின்னரே அவ்வூருக்கு இரயில் கிட்டியது. அப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 1998-இல்.

மகாபலேசுவரரை வணங்கி வெளியே வந்தோம். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். அலையோசை கேட்டதும் அன்னையார் நின்றார். எங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கடிந்துகொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பேத்தி கையைப் பிடித்திழுக்கவே நடந்தார்.

ஊருக்குத் தெற்கே குட்லே, ஓம், அரைமதி, பாரடைஸ் என்னும் கடற்கரைகள் செம்புரைக்கல் மேடுகளால் பிரிக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. கடைசி இரண்டுக்கும் மோட்டார்ப் பாதை கிடையாது; பாறைவழியே நடக்கவேண்டும், அல்லது படகேற வேண்டும். படகு என்றதும் அன்னையார் தலையசைத்து மறுத்துவிட்டார். ஆகவே நடந்தோம். வழி நெடுகிலும் அவர் மலைப்பக்கமே முகம் வைத்து வந்தார்.

பாரடைஸ் கரையில் நாங்கள் கண்ணுக்கு எட்டியவரை ஒரு விளக்குக்கம்பத்தையும் காணவில்லை. பின்னால் மரமடர்ந்த மேடு, முன்னால் சிறு மணற்பரப்பு, இருபுறமும் கரும்பாறை. பத்துப் பன்னிரண்டு கூடாரங்கள் இருந்தன. (வந்தவர்கள் விட்டுச்சென்ற போத்தல்களும் இருந்தன, அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இவ்விதழ் போதாது.) பிள்ளைகள் நீரைக் கண்டு கூவினர். நாங்கள் இருவர் மணிக்கட்டையும் பற்றிக்கொண்டு முழங்காலளவு நீரில் நின்றோம். “அப்பா, வலிக்கிறது” என்று மகள் சொன்ன பிறகே எவ்வளவு இறுகப் பற்றியிருந்தோம் என்பது தெரிந்தது. அன்னையார் மேட்டின் அடியில், கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார்.

பொழுது சாயும் நேரம். பேத்தியை உண்ண அழைப்பதற்காக அவர் தலை குனிந்தபடியே கீழே இறங்கி வந்தார். இடையில் நின்று மணலைப் பார்த்தார். காய்ந்த பாசியும் கிளிஞ்சலும் ஒரு கோடாகக் கிடந்தன. அக்கோட்டிற்குக் கீழே, ஈரம் உலர்ந்து இறுகிய மணலில்தான் எல்லாக் கூடாரங்களும் நின்றன. எங்கள் மைத்துனர் அடித்தவையும் அங்கேதான். மேலே மணல் பொலபொலவென்றிருப்பதால் முளை நிற்காதாம். அன்னையார் கிழக்கே திரும்பி மேட்டின் மேல் எழும் முழுமதியைப் பார்த்தார். பிறகு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாராத கடலை நேர்முகமாகப் பார்த்தார்.

“இன்று பௌர்ணமி. இந்தப் பிள்ளைகள் எங்கே படுத்திருக்கின்றன என்று தெரிகிறதா?” என்றார்.

பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஞாயிறும் திங்களும் ஒரே கோட்டில் நின்று நீரை இழுப்பதால் ஓதம் மிகுதியாக ஏறும். நம் நாகைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு தொடையளவுகூட வராது. கார்வார்ப் பக்கத்திலோ அந்நாட்களில் ஆளுயரத்தை நெருங்கும். மாலையில் வற்றியிருந்த நீர் நள்ளிரவை ஒட்டித் திரும்பி ஏறும். இவற்றை நாங்கள் பின்னர் படித்தறிந்தோம். அன்னையார் படித்தவரல்லர்.

கூடாரம் கூடாரமாகச் சென்றார். அவருடைய கன்னடம் சந்தைக் கன்னடம். ஆகவே பேத்தி முன்னே ஓடி, “அஜ்ஜி ஹேளுத்தாரே, டென்ட் மேலே ஹாகி” என்று கூவினாள். சிலர் எழுந்தனர். சிலர், கடல் அங்கேயல்லவா இருக்கிறது என்று சிரித்தனர். அன்னையார் வாதாடவில்லை. சுள்ளி ஒன்றை எடுத்து, அலை தொடும் இடத்திற்குப் பத்தடி மேலே நட்டுவிட்டு அதனருகே அமர்ந்தார். சோறு வெந்து இறக்குவதற்குள் நீர் சுள்ளியைத் தொட்டது. எடுத்து மேலும் பத்தடி மேலே நட்டார். மூன்றாம் முறை சிரித்தவர்களே முளைகளைப் பிடுங்கத் தொடங்கினர்.

ஓர் இளைஞர் மட்டும் தனிக் கூடாரத்தில் உறங்கிவிட்டார். பத்தரை மணிக்கு அன்னையார் எங்களைத் தட்டி எழுப்பினார். நாங்களும் மைத்துனரும் அவ்விளைஞரை எழுப்பிக் கூடாரத்தை மேலே இழுத்தோம். எங்கள் கணுக்கால் நனைந்தது.

அதன்பின் எல்லோரும் உறங்கினர். அன்னையார் கடலைப் பார்த்து அமர்ந்திருந்தார். நாங்கள் பக்கத்தில் அமர்ந்தோம். கோயில் என்று சொல்லி அழைத்து வந்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் அதற்கு விடை கூறவில்லை. நெடுநேரம் கழித்து, “அன்று பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள்” என்றார்.

“நீலம் அம்மா” என்றோம்.

“நீ என்னத்தைக் கண்டாய்? கட்டிவிட்டவள் நான்.”

நாங்கள் இன்றும் நீலம் என்றே நினைக்கிறோம். ஆயினும் மறுத்துப் பேசவில்லை. அவர் மேலும் பலவும் சொன்னார். அவை இங்கே எழுதுவதற்குரியன அல்ல.

விடிந்தபோது கூடாரங்கள் முன்பு நின்ற இடம் அலம்பிவிட்டதுபோல் கிடந்தது. இளைஞர்கள் அஜ்ஜிக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தனர். வற்றிய நீரோரம் காலால் மணலைத் துழாவி மட்டி தேடுவது எப்படி என்று அன்னையார் பேத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மணியளவில் ஓம் கரைக்குப் போகும் படகு வந்து நின்றது. நாங்கள் தயங்கி, நடந்தே போவோமா என்று கேட்டோம். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் ஏறினார். “நடுவில் உட்காருங்கள், விளிம்பில் கை வைக்காதீர்கள்” என்று பிள்ளைகளை அதட்டினார்.