மண்ணெண்ணெய்க்குள் இருப்பது

மண்ணெண்ணெயிலிருந்து எடுத்த சோடியத்தில் கத்தி இறங்கும் பதம், ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெயில் இறங்குகிற பதம். வெட்டிய முகம் புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் சாம்பல் பூத்துவிடும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தேன், அந்த மினுக்கல் மட்டும் அலுக்கவே இல்லை.

*

கரிமப் பொருளைச் சோடியத்தோடு உருக்கிப் பார்க்கும் லாசைன் சோதனையில் விபத்து நடக்குமென்று எல்லோரும் பயப்படுகிற இடம் ஒன்று உண்டு: செக்கச் சிவந்த எரிகுழாயைப் பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் 'சுளீர்' என்று உடைக்கும் இடம். அங்கே எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள், அதனால் ஒன்றும் ஆகாது. என் இடது புருவம் பாதி போனது கழுவு தொட்டியில். சோடியம் துடைத்த வடிதாளை யாரோ அதில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தாளில் ஒரு சீவல் ஒட்டியிருந்திருக்கிறது. நான் குழாயைத் திறந்தேன்.

*

லாடன்பர்க் என்ற வேதியியலாளர். ஜெர்மனியின் கீல் நகரம், 1886. ஆய்வகத்திலேயே ஆக்கப்பட்ட முதல் ஆல்கலாய்டு அவருடைய கோனீன். ஹெம்லாக் செடியின் நஞ்சு. சாக்ரடீசுக்குக் கிண்ணத்தில் கொடுத்தது அந்தச் செடியைத்தான். கால் மரத்து, மரப்பு மேலேறி, கடைசியில் மூச்சு நிற்கும். அதுவரை புத்தி தெளிவாக இருக்கும். கோனீன் எண்ணெய் போன்ற திரவம், சுண்டெலி நாற்றம்.

அவர் கையில் இருந்தது பிரிடின் வளையம், அதில் மூன்று கார்பன் வால். கோனீன் ஆக வேண்டுமானால் ஒரு மூலக்கூறுக்குள் 8 ஹைட்ரஜன் அணு ஏற வேண்டும். பிரிடின் வளையம் எளிதில் மசிகிற ஆள் இல்லை. சாராயத்துக்குள் சோடியத்தைப் போட்டார். உலோகம் எலக்ட்ரானைக் கொடுக்கும், சாராயம் புரோட்டானைக் கொடுக்கும், இரண்டும் சேர்ந்தால் ஒரு ஹைட்ரஜன். ஒடுக்கம் என்று நாம் பாடத்தில் சொல்வது இதுதான். கணக்குப்படி ஒரு மூலக்கூறுக்கு 8 சோடியம் அணு போதும். கணக்குக்கு அடங்குகிற உலோகமா அது? ஒரு பங்கு வளையத்தைத் திரும்பிப் பார்க்காமல் சாராயத்தோடு மல்லுக்கட்டி, வெறும் ஹைட்ரஜன் வாயுவாகக் குமிழியிட்டுப் போய்விடும். பக்கத்தில் நெருப்பு இருந்தால் அந்தக் குமிழிதான் எமன்.

*

பிரிடின் வளையம் ஹைட்ரஜனால் நிறைந்தால் பிப்பெரிடின். இந்தப் பெயர் மிளகிலிருந்து வந்தது. மிளகின் காரமான பிப்பெரினைக் காரக்கரைசலில் காய்ச்சி உடைத்தால் ஒரு துண்டு பிப்பெரிடின் கிடைக்கும். பைப்பர், பெப்பர் எல்லாவற்றுக்கும் மூலம் பிப்பலி, நம் திப்பிலி. ஆக, மிளகு ரசத்தில் இருக்கிற வளையமும் சாக்ரடீசின் கிண்ணத்தில் இருந்த வளையமும் ஒன்றே. வகுப்பில் இதைச் சொன்ன வருஷங்களில் மட்டும் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும்.

*

இன்னொன்று. சோடியத்துக்கு இடம் வலம் தெரியாது. செடி வலம்புரிக் கோனீனை மட்டும் செய்கிறது. லாடன்பர்க்கின் குடுவையில் வலம்புரி, இடம்புரி இரண்டும் பாதிக்குப் பாதி. பிரிக்க அவர் எடுத்தது டார்டாரிக் அமிலம், புளியின் புளிப்பு. அதோடு சேர்ந்த உப்புகளில் ஒன்று முந்திப் படிகமாகிவிடும். எனக்கு இந்தக் கதையில் சோடியத்தைவிடப் புளி மேல்தான் மரியாதை.

*

தண்ணீரில் சோடியம் மிதக்கும், சாராயத்தில் மூழ்கும். அடர்த்தி 0.97, தண்ணீர் 1, சாராயம் 0.79. மிதப்பது காற்றைப் பார்த்துக்கொண்டே உருகி ஓடுகிறது, ஹைட்ரஜன் அதன் தலைமேலேயே நிற்கிறது. மூழ்கியது திரவத்தைப் போர்த்திக்கொண்டு அடியில் கிடக்கிறது. லாடன்பர்க் பிழைத்ததில் சாராயத்தின் மந்த குணத்துக்கு இணையாக இந்தச் சின்ன எண்ணுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

வெடிப்பதற்குக் காரணம் சூடும் ஹைட்ரஜனும் என்று வகுப்பில் ஓட்டினேன். அது பாதிக் கதைதான். 2015-இல் பிராகில் வேதியியலாளர் யுங்வர்த்தின் குழுவினர் அதிவேகக் கேமராவில் பார்த்தார்கள்: சோடியம்-பொட்டாசியக் கலவைத் துளி தண்ணீரைத் தொட்டதும், ஆயிரத்தில் ஒரு நொடி ஆவதற்குள், பலாக்காய் மாதிரி முள் விடுகிறது. எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் ஓடிவிட, மிஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளிச் சிதறுகின்றன. ஓய்வு பெற்ற பிறகு தெரிந்துகொண்டேன். பழைய மாணவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

*

பொட்டாசியத்தை நான் தொட்டதே இல்லை. பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் 1808-இல் அதோடு பழகிக் கண்ணில் அடி வாங்கினவர். நாள்பட்ட துண்டில் மஞ்சளாய் ஒரு தோல் கட்டும், சூப்பர் ஆக்சைடு. எண்ணெய் ஈரத்தோடு அதன்மேல் கத்தி வைத்தால் வெடித்துக் கையும் கத்தியோடு போகும்.

*

சோடியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஆகாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ஆகாது. அந்த வாயுவையே அது தின்னும். உலர்ந்த மணல், இல்லையென்றால் உலர்ந்த உப்பு. எங்கள் மணல் வாளியில் பேப்பர் கப்பும் பஸ் டிக்கெட்டும் கிடக்கும். ஐப்பசியில் அந்த மணலே நமுத்துப் போயிருக்கும். கல்பாக்கத்தில் 1985 முதல் அணு உலையைக் குளிர்விக்க இதே சோடியத்தை உருக்கி ஓட விடுகிறார்கள் என்று நினைத்தால், வாளியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

*

மிச்சச் சீவல்களை ஒழிக்க நாங்கள் செய்ததும் சாராய வைத்தியம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜன்னலெல்லாம் திறந்து, பர்னரெல்லாம் அணைத்து, ஒவ்வொரு துண்டாக. அடியில் போய்க் கிடந்து நுரைக்கும். அட்டெண்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "சார், முடிஞ்சிருச்சா? பூட்டிரலாமா?" என்பார். "ஒண்ணு பாக்கி இருக்குண்ணே" என்பேன். கடைசிக் குமிழி வரும்வரை இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்திருப்போம்.